தலைமடையாரின் கடமை எதுவரை?

மார்க்கச் சட்ட நூல்களைத் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்னும் பாடங்களோடு மூடி வைத்து விடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு அப்பாலும் பக்கங்கள் இருக்கின்றன. வாணிபம், வாடகை, அண்டை வீட்டார் உரிமை, கிணறு, வாய்க்கால், ஆறு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு மூலைக்கும் நம் இமாம்கள் விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இன்று எங்கு பார்த்தாலும் ஆற்றங்கரைச் சீரமைப்பு என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பெரு நகரங்களில் தொடங்கிய அந்தப் பேச்சு இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. கரையைக் கட்ட வேண்டும், நடைபாதை போட வேண்டும், மரம் நட வேண்டும், மாலை நேரத்தில் குடும்பத்தோடு உட்காரப் பெஞ்சுகள் வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன ஆற்றைச் சீராக்கும் கடமை யாருடையது? அந்தக் கடமை எந்த எல்லையோடு முடிகிறது? அதைச் செய்தால் அது நாம் செய்யும் தர்மமா, அல்லது நாம் தீர்க்கும் கடனா?

இமாம்களின் கருத்து வேறுபாடு

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’ என்னும் ஹனஃபி சட்ட நூலில் ஆறுகளைத் தூர்வாருவது பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே ஆறுகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதலாவது, யாருக்கும் சொந்தமில்லாத பேராறு. அதைத் தூர்வாரும் செலவு பொது நிதியாகிய பைத்துல்மாலைச் சேர்ந்தது. பைத்துல்மாலில் பணம் இல்லையென்றால் பொது நன்மை கருதி மக்களையே அந்த வேலையில் ஈடுபடுத்த ஆட்சியாளருக்கு உரிமை உண்டு. ‘அரசாங்கம் செய்யவில்லை, ஆகவே நாங்களும் செய்யவில்லை’ என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பலருக்கோ, சிலருக்கோ உரிமைப்பட்ட வாய்க்கால்கள். அவற்றைத் தூர்வாரும் செலவை உரிமையாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எப்படிப் பகிர்வது? இங்கேதான் சுவையான கருத்து வேறுபாடு எழுகிறது. இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூறுகிறார்கள்: வேலை தலைமடையிலிருந்து தொடங்குகிறது. தூர்வாரும் பணி ஒருவருடைய நிலத்தைத் தாண்டிவிட்டால் அவருடைய பொறுப்பு நீங்கிவிடுகிறது. அதற்குக் கீழே நடக்கும் செலவு கீழே உள்ளவர்களுடையது.

அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியரோடு மாறுபடுகிறார்கள். வாய்க்காலின் தொடக்கம் முதல் கடைசி வரை எல்லாருமே செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எண்ணி எண்ணி வியக்கத் தக்கது. தலைமடைக்காரருக்குக் கீழ்ப்பகுதியிலும் ஒரு பயன் இருக்கிறது. தன் தேவைக்கு மிஞ்சிய நீர் வடிந்து போவதற்கு அவருக்குக் கீழ் வாய்க்கால் வேண்டும்! கீழ்ப்பகுதி அடைபட்டால் அவர் நிலமே முழுகிவிடும். ஆகவே, எதைத் தன்னிடமிருந்து கீழே அனுப்புகிறாரோ, அது போய்ச் சேரும் இடம் வரை அவருக்குப் பொறுப்பு உண்டு.

பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஈராக்கின் வாய்க்கால்களைப் பார்த்துச் சொன்ன சொல் இது. ஆனால் இதைப் படிக்கும்போது நம் கண்முன் வந்து நிற்பது நம்முடைய பாலாறு அன்றோ!

பாலாறும் நாமும்

கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைகிறது பாலாறு. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு என்று ஊர்களை அணைத்துக்கொண்டு வந்து வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தாலும் மணலுக்கடியில் நீரோடும் ஆறு அது. செங்கல்பட்டு முதல் தாம்பரம், பல்லாவரம் வரை உள்ள ஊர்கள் அந்த மணலில் இறக்கிய கிணறுகளின் நீரை நெடுங்காலம் குடித்து வந்திருக்கின்றன.

சிங்கப்பெருமாள் கோவிலில் வாழும் நம் சகோதரர்கள், ‘எங்கள் ஊரில் ஆறே இல்லையே, இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?’ என்று கேட்கலாம். குகைக்கோயிலின் பெயரால் வழங்கும் அவ்வூர், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரிகிற இடம். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தபின் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அங்கே பெருகிவிட்டார்கள். ஆறு அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. அடுத்துள்ள செங்கல்பட்டின் கொளவாய் ஏரி நிறைந்தால் அதன் உபரி நீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றில்தான் சேருகிறது. ஆற்றைப் பார்க்காதவனும் ஆற்றோடு உறவுள்ளவனே. அவன் குடிக்கும் நீரும், அவன் வீட்டுச் சாக்கடை நீரும் எங்கோ ஓரிடத்தில் அந்த உறவைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

மறைக்காமல் பேச வேண்டிய செய்தி

பாலாறு கெட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. மேலே அண்டை மாநிலங்களில் கட்டிய தடுப்பணைகள் ஒன்று. கணக்கின்றி மணல் அள்ளியது ஒன்று. நகரங்களின் சாக்கடை ஒன்று. ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இல்லங்களில் நாம் முதலில் பேச வேண்டியது தோல் பதனிடும் தொழிலைப் பற்றி. ஏனெனில் அது நம் சமுதாயத்தார் பெரும் பங்கு கொண்ட தொழில். பிறர் குறையைப் பேசுவது எளிது; தன் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதே மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு.

தோல் பதனிடுதல் இழிவான தொழிலன்று. செத்துப்போன ஓர் ஆட்டைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பதனிடுவதால் தோல் தூய்மை அடைகிறது என்பது சட்டம். அந்நாளில் நம் முன்னோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. அதன்பின் குரோமியம் முதலிய இரசாயனங்களைக் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. உப்பும் இரசாயனமும் கலந்த கழிவு நீர் ஓடைகளிலும் வயல்களிலும் ஆற்றிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும் அந்தத் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. வட ஆற்காடு மட்டுமல்ல, அந்நாளைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அத்தீர்ப்பில் இடம் பெற்ற ஐந்து மாவட்டங்களுள் ஒன்று. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அன்று அறிவிக்கப்பட்டது. அத்தீர்ப்பின் வழி அமைந்த ஆணையம் 2001ஆம் ஆண்டில் 547 ஆலைகள் ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாயை, பாதிக்கப்பட்ட 29,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டது. ஆயினும் வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத் தொகை சேர வேண்டும், ஆற்றைச் சீராக்கும் பணியைக் கண்காணிக்க ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைய வேண்டும் என்று கட்டளையிட்டது.

இடைக்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1990கள் முதல் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் கழிவு நீரைத் துளியும் வெளியேற்றாமல் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் வந்தன. பெரும் பொருட்செலவில் அவற்றை அமைத்தவர்களும் நம்மவர்களே. எனினும், 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமா?

இப்போது இமாம்களின் கேள்விக்கு வருவோம். தலைமடையில் உள்ளவர், ‘கழிவு என் எல்லையைத் தாண்டிவிட்டது, இனி எனக்கென்ன?’ என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தைத் துணைக்கு அழைக்க முடியுமா? முடியாது. இமாம் அவர்கள் பேசியது தூர்வாரும் செலவைப் பற்றி. இயற்கையாகப் படியும் மண்ணை அள்ளுவதைப் பற்றி. நாமாகக் கீழே அனுப்பிய தீங்கைப் பற்றி அன்று. ஒருவருடைய கிணற்றுக்கு அருகே மற்றொருவர் மலக்குழி தோண்டி அந்நீரைக் கெடுத்தால் தீங்கை நீக்க வேண்டும், நீக்க வழியில்லையென்றால் அந்தக் குழியையே மூடிவிட வேண்டும் என்பது, உதுமானியப் பேரரசில் ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த ‘மஜல்லா’வின் தீர்ப்பு. குழி தோண்டியவர் தன் சொந்த நிலத்தில்தான் தோண்டினார். அது அவருக்கு உதவவில்லை. தீங்கு எல்லைக்கல்லைக் கடந்தால் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே கடக்கிறது.

அறம் செய்தவர்களின் கணக்கு

‘தோல் வணிகர்களைக் குறை கூறலாமா? அவர்கள் செய்த அறங்கள் எத்தனை!’ என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியதும், 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்களால் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் நிறுவப்பட்டதும், 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி எழுந்ததும் எல்லாம் தோல் வணிகர்களின் கொடையால் சிறந்தவை. மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் வள்ளன்மையைத் தமிழகம் மறக்காது. இவர்களுள் பெரும்பாலோர் ஆவாரம்பட்டைக் காலத்தவர்கள். இரசாயனக் கேட்டை அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

ஆனால் கொடையும் கடனும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்படுபவை. மறுமையில் உண்மையான ஓட்டாண்டி யார் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு விளக்கினார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் நிரம்பக் கொண்டு வந்தும், இன்னாரை ஏசினான், இன்னாரின் பொருளை விழுங்கினான் என்ற வழக்குகளால் நன்மைகள் ஒவ்வொன்றாகப் பிறருக்குப் போய், இறுதியில் பிறர் பாவமும் தன் தலையில் ஏற நிற்பவனே அவன் என்பது அந்த ஹதீஸின் கருத்து. தர்மத்தால் கடன் கழியும் என்றால் அவனுக்கு அந்தக் கதி ஏன் நேர வேண்டும்?

அல்லாஹ்வின் உரிமையில் குறை வைத்தவன் தவ்பாச் செய்தால் மன்னிப்பை நம்பலாம். அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாதில் குறை வைத்தவன், உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவோ மன்னிப்புப் பெறவோ வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் நம்மவர்கள் உறவினர் வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் சென்று, ‘ஏதேனும் பிழை செய்திருந்தால் மன்னித்துக் கொள்ளுங்கள்’ என்று கேட்பது இதனால்தான். ஆற்றைக் கெடுத்தவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? கிணறு உப்பாகிப்போனதால் நிலத்தை விட்டு நகரத்துக்கு வேலை தேடிச் சென்ற உழவர் எங்கே இருக்கிறார்? இன்னும் பிறவாத குழந்தையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. உரியவர் யாரென்று தெரியாத பொருள் ஒருவர் கையில் தங்கிவிட்டால், அதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழைகளுக்கோ பொது நன்மைக்கோ உரியவர் சார்பில் செலவிட்டுவிட வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளார்கள். இனம் தெரிந்தவர்களுக்கு ஈட்டுத் தொகை கொடுக்கலாம். இனம் தெரியாதவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் நாம் திருப்பித் தரக்கூடியது ஒன்றே ஒன்று. அது அந்த ஆறு.

ஆகவே, கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: கெடுத்தவருக்கும் கேட்டினால் பயன் அடைந்தவருக்கும் ஆற்றைச் சீராக்குவது தர்மமன்று, கடன். இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. தர்மம் செய்கிறவர் எவ்வளவு, எப்போது என்று தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். கடன்காரருக்கு அந்த உரிமை இல்லை. தர்மம் செய்தவரைப் பாராட்டலாம். கடனைத் திருப்பிக் கொடுத்தவர் கல்வெட்டு வைத்துக்கொள்வதில்லை. கரையில் போடும் பெஞ்சில் யார் பெயரை எழுதுவது என்ற சச்சரவு எழும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

கடைமடையில் இருப்பவர்கள் குற்றமற்றவர்களா?

இவ்வளவும் படித்துவிட்டு, கடைமடையில் இருக்கும் நாம் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வாசலில் அறுக்கப்படும் குர்பானியின் தோலைப் பின்தொடர்ந்து செல்வோம். அறுத்தவருக்குக் கூலியாக அதைக் கொடுக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். மதரஸாவுக்கோ யத்தீம்கானாவுக்கோ கொடுக்கிறோம். அவர்கள் வியாபாரியிடம் விற்கிறார்கள். அது மண்டிக்குப் போய், உப்பிடப்பட்டு, ஆலைக்குப் போகிறது. விலையின் ஒரு பகுதி நம் பிள்ளைகள் ஓதும் இடத்துக்கு வருகிறது. உப்பும் இரசாயனமும் யாரோ ஒருவர் மண்ணுக்குப் போகின்றன. நம் காலில் உள்ள செருப்புக்கும் அதே கதைதான். ஆம்பூர்க் கழிவு அப்படியே செங்கல்பட்டுக் குழாயில் வருகிறது என்று நாம் கூற வரவில்லை. நன்மையில் பங்கு வாங்கியவர், தீமை வரும்போது ‘நான் கீழ்ப்பகுதிக்காரன்’ என்று விலகி நிற்க முடியாது என்றே கூறுகிறோம். அண்மைக் காலமாகத் தோல் விலை வீழ்ந்துவிட்டதால், சில ஊர்களில் தோலும் குடலும் ஏரிக்கரையிலும் ஓடையிலும் எறியப்படுகின்றன. வணக்கத்தின் மிச்சம் அண்டை வீட்டாரின் மூக்கைப் பொத்தச் செய்யலாமா?

நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அங்கே சாபமிடுபவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்ற பேச்சே இல்லை. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மனிதர்கள் கூட்டாளிகள் என்பது நபிமொழி. பங்காளியின் பங்கைக் கெடுத்தவர் எந்த மதத்தவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு தட்டுக் கப்பல் ஒன்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உவமையாகக் காட்டியதை நாம் அறிவோம். கீழ்த்தட்டில் உள்ளவர்கள் நீருக்காக மேலே போய் மேல்தட்டினருக்குத் தொல்லை தர வேண்டாமே என்று எண்ணி, தம் பகுதியிலேயே ஓட்டை போட நினைக்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய எண்ணம் கெட்டதன்று! பிறருக்குத் தொல்லை கூடாதென்ற நல்லெண்ணமே அவர்களை ஓட்டை போடத் தூண்டுகிறது. ஆயினும் நிய்யத் நல்லது என்பதற்காகக் கடல் நீர் உள்ளே வராமல் இருக்காது. மேல்தட்டினர் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். ‘அவர்கள் பகுதி, அவர்கள் பாடு’ என்று விட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். வேலை வாய்ப்புக் கொடுக்கிறேன், ஏற்றுமதி செய்கிறேன், மதரஸாவுக்கு உதவுகிறேன் என்பவையெல்லாம் நல்லெண்ணங்களே. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அந்த ஆலைகளால் எரிகிறது என்பதும் உண்மையே. தொழிலை மூடு என்று நாம் கூறவில்லை. ஓட்டையை அடை என்கிறோம்.

முதலில் எது, பிறகு எது?

நன்மையைத் தேடுவதற்கு முன் தீங்கை நீக்க வேண்டும் என்பது சட்டக்கலையின் பொது விதி. ஆற்றங்கரைத் திட்டத்துக்கு இதை விடச் சிறந்த வழிகாட்டி வேறு கிடைக்காது. முதலில், கழிவு உள்ளே வரும் வாயை அடைக்க வேண்டும். இரண்டாவது, அடைபட்ட வரத்துக் கால்வாய்களைத் திறந்து நீர் வரச் செய்ய வேண்டும். மூன்றாவது, கரையை மீட்க வேண்டும். நான்காவதாகத்தான் நடைபாதையும் பூங்காவும். வரிசையைத் தலைகீழாக்கி, சாக்கடை ஓடும் ஆற்றின் கரையில் வண்ண விளக்குப் போடுவது, அழுக்கு ஆடைமேல் அத்தர் பூசிக்கொண்டு தொழுகைக்கு நிற்பதை ஒக்கும்.

கரையை மீட்பது என்றோமே, அதற்கும் மார்க்கத்தில் அடிப்படை உண்டு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சுற்றிலும் ‘ஹரீம்’ என்ற ஒதுக்கு நிலம் உண்டு என்று சட்ட நூல்கள் பேசுகின்றன. அது நீரின் உரிமை. தனியார் அதில் கை வைக்கக் கூடாது. அந்த உரிமையைப் பறித்தால் ஆறே ஒருநாள் வந்து கேட்கும். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியைச் சூறையாடிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் நினைவுத் தூண் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. ‘இனி இந்த ஆற்றில் எங்கே வெள்ளம்!’ என்று பலர் எண்ணியிருந்தபோது, 2021 நவம்பரில் மறுபடியும் இரு கரை புரண்டு ஓடியது. வறண்ட ஆறு செத்த ஆறு அன்று, உறங்கும் ஆறு. அதன் படுக்கையில் வீடு கட்டுவதோ, பள்ளிவாசல் கட்டுவதோ, வேறெந்த வழிபாட்டுத் தலம் கட்டுவதோ நீதியாகாது. பறித்த நிலத்தில் தொழுவதைப் பற்றி நம் இமாம்கள் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை

பெரிய காரியங்களை நீதிமன்றமும் அரசும் செய்யட்டும். மஹல்லா அளவில் நம் கைக்கெட்டிய காரியங்கள் சில உண்டு.

ஒன்று: குர்பானித் தோலைச் சேகரிக்கும் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும், அதிக விலை கொடுப்பவர் யார் என்று கேட்பதோடு, அந்தத் தோல் எங்கே பதனிடப்படுகிறது, அங்கே கழிவு நீர் முறையாகச் சுத்திகரிக்கப்படுகிறதா என்றும் கேட்கட்டும். ஆயிரம் மதரஸாக்கள் கேட்டால் அந்தக் கேள்விக்கு மதிப்பு வரும். குடல், இரத்தம் முதலியவற்றை ஆழக் குழி தோண்டிப் புதைக்க முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு: ஒளு செய்யும் நீர். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்தார்கள். அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கும் அளவு. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் வீண் விரயம் கூடாது என்று ஸஅது (ரலி) அவர்களிடம் கூறியதாக ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலையினர் கூறினும், விரயத்தைக் கண்டிப்பதில் இரு கருத்து இல்லை. குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கால் கழுவுகிறோமே, அது எத்தனை முத்து? வழிந்தோடும் ஒளு நீரைச் சாக்கடைக்கு விடாமல் பள்ளிவாசல் வளாகத்திலேயே உறிஞ்சு குழி அமைத்து மண்ணுக்குத் திருப்பித் தரலாம். மழை நீரையும் அவ்வாறே சேர்க்கலாம்.

மூன்று: ஊராட்சியில் கிராம சபை கூடும் நாளில் நாம் எங்கே இருக்கிறோம்? நம் மையவாடிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றால் போகிறோம். ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தத் தெருவின் சாக்கடை நீர்நிலையில் விடப்படுகிறது என்று கேட்கவும் போக வேண்டும். கோயில் நிர்வாகத்தினர், தேவாலயத்தார், வியாபாரிகள் சங்கத்தார், வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லாரோடும் சேர்ந்து ஒரே கோரிக்கையாக வைத்தால் அதன் வலிமையே தனி. வேலூர்ப் பகுதியில் நாகநதியை உயிர்ப்பிக்க, வேலை உறுதித் திட்டத்தின் கீழ் பல்லாயிரம் பெண்கள் உறிஞ்சு கிணறுகள் அமைத்தார்கள். ஏழைப் பெண்களின் கையால் முடிந்தது நம்மால் முடியாதா?

நான்கு: ஸதகத்துன் ஜாரியா என்றதும் மின்விசிறியும் கம்பளமும் நினைவுக்கு வருகின்றன. தாயின் பெயரால் எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி தண்ணீர். ஹளரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள். அந்த வரிசையில், ஒரு குளத்தின் வாய்க்காலைத் தூர்வார வக்ஃபு செய்பவர் நம் ஊரில் ஏன் ஒருவர் தோன்றக் கூடாது?

ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். ‘மேலே ஆயிரம் பேர் கெடுக்கும்போது கீழே நாம் ஒருவர் ஒழுங்காக நடந்து என்ன பயன்?’ பயனை அளப்பது நம் வேலையன்று. ஹர்ராவின் வாய்க்கால் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வழக்கு வந்தபோது, தலைமடைக்காரரான ஸுபைருக்குப் பாய்ச்சிக்கொள்ளும் உரிமையை வழங்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அத்துடன் அண்டை நிலத்துக்கு நீரை விட்டுவிடவும் சொன்னார்கள். தலைமடைக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. உலகில் முழுக்க முழுக்கக் கடைமடையில் இருப்பவர் யாருமில்லை. நமக்கு மேலே ஓர் ஊர் இருப்பது போல், நமக்குக் கீழேயும் ஓர் ஊர், ஒரு வயல், ஒரு மீனவக் குப்பம், ஒரு தலைமுறை இருக்கிறது. வாணியம்பாடியைப் பார்க்கும்போது கடைமடைக்காரராக இருக்கும் நாம், வாயலூரைப் பார்க்கும்போது தலைமடைக்காரர் ஆகிவிடுகிறோம். மேலே உள்ளவரிடம் நாம் எதிர்பார்ப்பதைக் கீழே உள்ளவருக்குச் செய்வதே நீதி. அந்தக் கடமை எதுவரை என்றால், நாம் விட்ட நீர் போய்ச் சேரும் இடம் வரை.

தூய நீரை வானிலிருந்து இறக்கி வைத்த வல்ல நாயன், அதைத் தூய்மையாகவே அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் நல்லுணர்வை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! பிறர் உரிமை நம் கழுத்தில் தொங்கும் நிலையில் நம்மைத் தன் சமூகத்துக்கு அழைக்காதிருப்பானாக! ஆமீன்.